கடைமடைக்கு வரும் அசைவு: வீடியோ காலை வைத்து ஒரு தற்கால நடனம் செய்ய வழிகாட்டி

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அன்றைக்கே கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில், யாரும் மண்வெட்டியோடு வாய்க்கால் கரைக்குப் போவதில்லை. கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளை வாய்க்காலாகி, வேதாரண்யம் பக்கத்து வயலுக்கு வருவதற்குள், முதலில் தண்ணீர் பெறும் தலைமடைக்காரர் நாற்றே விட்டிருப்பார். ஒரே தண்ணீர்தான், இரண்டு ஊருக்கு இரண்டு தேதி.

வீடியோ காலும் இப்படித்தான் வருகிறது. சிங்கப்பூரில் ஒருத்தி கையைத் தூக்கினால் மயிலாடுதுறையில் அது கொஞ்சம் பிந்தித்தான் தெரியும். போன் வழியாகச் சேர்ந்திருப்பதையும், போன் இருந்தும் தனித்திருப்பதையும் பற்றி ஒரு நடனம் செய்ய நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மயிலாடுதுறையில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். இங்கே நான்கு பேரும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி அவளுடைய வாடகை அறையிலுமாக, 15 நிமிட நடனம் ஒன்றைச் செய்தோம். அதில் கற்றதைத்தான் கீழே சொல்கிறேன். பரதம் தெரிந்தவர்களுக்கு வேலை எளிது. கரகமும் ஒயிலும் ஆடியவர்களுக்கும் உடம்பு தயாராகவே இருக்கும். எதுவும் தெரியாதவர்கள் ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாமதத்தை மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ஊரில் இருப்பவர்கள் ஒரே மேடையில் நிற்பதைப்போல அச்சாகச் சேர்ந்து ஆட வேண்டும் என்று நாங்கள் முதல் இரண்டு மாதம் போராடினோம். அந்த இரண்டு மாதமும் வீண். பிந்தி வருவதுதான் இந்த நடனத்தின் பொருள் என்று புரிந்த பிறகுதான் எங்களுக்கு வழி திறந்தது.

முதல் இரண்டு வாரம் ஆட வேண்டாம்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். மயிலாடுதுறை ஜங்ஷன் நடைமேடை, கும்பகோணம் பேருந்து நிலையம், ரேஷன் கடை வரிசை, உங்கள் ஊரில் டவர் கிடைக்கும் அந்த ஒரே இடம். எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும்: ஒரு மதகு, ஒரு மொட்டை மாடி, கோயில் குளத்தின் மேல்படி. அங்கே போனோடு இருக்கும் மனிதர்களின் உடம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். எந்த உறுப்பு, எந்தத் திசை, எவ்வளவு நேரம். ‘சோகமாக இருந்தார்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், அதை ஆட முடியாது. ‘இடது தோள் காதுவரை ஏறியது, ஒன்பது எண்ணும்வரை இறங்கவில்லை’ என்றால் ஆடலாம். படம் பிடிக்க வேண்டாம். கேமராவைத் தூக்கிய நொடியில் அவர்கள் உடம்பு மாறிவிடும், கேட்காமல் பிடிப்பது மரியாதையும் இல்லை.

என் நோட்டிலிருந்து மூன்று.

ரேஷன் கடை. வருஷக்கணக்கில் நடவு நட்டுக் களை பறித்து ரேகை தேய்ந்துபோன விரல் ஒரு அம்மாவுக்கு. மெஷின் எடுக்கவில்லை. கட்டைவிரலை வைத்தார், எடுத்தார், முந்தானையில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினார், மறுபடி வைத்தார், வாயால் ஊதினார், அடுத்த விரலை நீட்டினார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் அந்த விரலையே பார்த்தது. தான் தான்தான் என்று ஒரு மெஷினுக்கு நிரூபிக்க அந்த உடம்பு பட்ட பாடு எங்கள் நடனத்தின் முதல் மூன்று நிமிடம் ஆனது. முதலில் விரல் மட்டும், பிறகு உள்ளங்கை, பிறகு முழங்கை, கடைசியில் முழு உடம்பும் காற்றில் இல்லாத ஒரு பலகையில் அழுந்தும்.

திண்ணை. ஒரு பாட்டி வீடியோ காலில். அந்தப் பக்கம் பேரன், “அப்பாயி, போன எறக்குங்க, நெத்தி மட்டுந்தான் தெரியுது” என்றான். அவர் போனை இறக்கவில்லை, தலையை இறக்கினார். இன்னும் கொஞ்சம் என்றதும் இன்னும் இறக்கினார். பேரன் கண்ணுக்குத் தெரிவதற்காகத் திண்ணைத் தூணை ஒட்டி அப்படியே சரிந்து போனார்.

மதகு. ஒருவர் போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி, டவர் தேடி, நான்கு திசைக்கும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். பாதம் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை.

இரண்டு வாரத்தில் இருபது குறிப்பு சேர்ந்தால் நிறைய. அதில் ஏழெட்டுத்தான் நடனத்துக்குள் வரும்.

ஆள், இடம், தரை

இங்கே நான்கு பேர், அங்கே ஒருவர். இதற்கு மேல் முதல் தடவை போகாதீர்கள். அங்கே இருப்பவர் உண்மையிலேயே தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு தூரத்தில் இருப்பதாக நடிக்கும் ஆளை வைத்துச் செய்தால், அது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். டெல்டாவில் இப்படி ஆள் கிடைக்காத தெருவே இல்லை. நேரத்தை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: நமக்குக் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8:30, துபாயில் 4:30.

பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம், அறுவடை முடிந்த களம், எது கிடைத்தாலும் சரி. சிமெண்டுத் தரையில் மட்டும் குதிக்க வேண்டாம். முட்டியும் முன்காலும் சில வாரத்தில் வலி காட்டும். கோரைப்பாயும் ஜமுக்காளமும் வழுக்கும், விரிக்காதீர்கள். சாணி மெழுகிய களத்து மண்தான் நான் ஆடியதிலேயே நல்ல தரை.

அடவிலிருந்து இறங்குதல்

அடவு பரதத்தின் அடிப்படை அசைவு, அதில் பழகிய பிள்ளைகளுக்கு இங்கேதான் கஷ்டம். முட்டியைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும், முகம் தானாகச் சிரிக்கும். டவர் தேடும் மனிதனின் முதுகு அப்படி இருப்பதில்லை. தினமும் கால் மணி நேரம் தரையில் படுத்து, உருண்டு, ஒரு கையின் பாரத்தை அடுத்தவர் உள்ளங்கையில் முழுதாகப் போட்டுப் பழகுங்கள். பாரத்தைக் கொடுப்பது பெரும்பாலானவர்களுக்கு வராது. கையைக் கொடுத்துவிட்டுத் தாங்களே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் நம் மரபுக்கு வெளியே என்று யாராவது சொன்னால் சிதம்பரம் கோபுர வாசல்களுக்கு அழைத்துப் போங்கள். பழைய நாட்டிய நூல் சொல்லும் நடன நிலைகளான 108 கரணமும் அங்கே கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் 81 கரணம் செதுக்கியிருக்கிறார்கள், மீதிக் கரணங்கள் செதுக்கப்படவில்லை. சிதம்பரத்துச் சிற்பங்களில் முதுகையும் இடுப்பையும் மட்டும் பாருங்கள். இன்றைய மேடைப் பரதத்தில் நாம் விட்டுவிட்ட வளைவும் முறுக்கும் அங்கே நிற்கிறது. சென்னையில் சந்திரலேகா (1928–2006) போன வழியும் இதற்கு ஒரு துணை. பரதத்தின் நகையையும் கதையையும் கழற்றிவைத்து, களரியையும் யோகத்தையும் பக்கத்தில் வைத்து, வெறும் உடம்பு என்ன சொல்கிறது என்று தேடியவர் அவர். 1985இல் வந்த அவருடைய ‘அங்கிகா’ இந்தப் பாதையில் ஒரு பெரிய திருப்பம். அவரோடு ஆடிய பத்மினி செட்டூர் பிறகு தன் நடனங்களில் அசைவை இன்னும் நிதானமாக்கிக்கொண்டு போனார். வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள்.

தொடுவதைப் பற்றி. ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்கி ஆடும் ‘காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்’ முறையை அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972இல் தொடங்கினார். தற்கால நடனம் சொல்லிக்கொடுக்கும் பல இடங்களில் இன்று அது அடிப்படைப் பாடம். நம் ஊரில் ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் வந்தால் அதை நேராக ஆரம்பிக்க முடியாது, ஆரம்பிக்கவும் கூடாது. ஒரு துண்டின் இரு முனையை இருவர் பிடித்து, ஒருவர் பின்னால் சாய, மற்றவர் தாங்கட்டும். துண்டு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்ந்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நாளில் பாரம் பழகிவிடும். அதன் பிறகு, இருவரும் சரி என்றால் மட்டும், முதுகோடு முதுகு. எங்களிடம் ஒரு பெண் கடைசிவரை துண்டோடுதான் ஆடினாள். அந்தத் துண்டு நடனத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

வரப்பில் ஒரு பயிற்சி

நிறையப் பயிற்சிகளை எழுதிக் குவிக்கலாம். எனக்குப் பலன் கொடுத்தது இந்த ஒன்றுதான், அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1971இல் நியூயார்க்கில் ட்ரிஷா பிரவுன் என்ற நடனக் கலைஞர் பல கட்டடங்களின் மொட்டை மாடியில் ஆட்களை நிறுத்தினார். முதல் மாடியில் இருப்பவர் ஒரு அசைவு செய்வார், அடுத்த மாடியில் இருப்பவர் அதைப் பார்த்துச் செய்வார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். அசைவு கூரை கூரையாகப் போகும். நம்மிடம் அதற்கு வரப்பும் வாய்க்கால் கரையும் இருக்கிறது.

ஆறு பேர், ஆளுக்கு ஆள் ஐம்பது தப்படி. எல்லோரும் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும், தனக்கு முன்னால் இருப்பவர் மட்டும் தெரிய வேண்டும். முதல் ஆள் தலைமடை. நோட்டில் இருக்கும் ஒரு அசைவை, ரேஷன் கடை விரலை என்று வைத்துக்கொள்வோம், மெதுவாக அனுப்புவார். ஆறாவது ஆள் கடைமடை. அவருக்கு வந்து சேர்ந்ததை அவர் நின்று, திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கட்டும். பிறகு தலைமடை ஆள் நடந்துபோய் அதைப் பார்க்க வேண்டும். விரலை முந்தானையில் துடைத்தது, நான்காவது ஆளிடம் வயிற்றைத் தடவுவதாக மாறி, கடைசியில் கும்பிடாக வந்து நிற்கும். யாரையும் திருத்தாதீர்கள். வழியில் என்ன உதிர்ந்தது, என்ன புதிதாகச் சேர்ந்தது என்று பேசுங்கள். எங்கள் நடனத்தின் நடுப்பகுதி இந்தப் பேச்சில்தான் கிடைத்தது.

காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வயல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கண் எங்கே பார்க்கும்

கை போகும் இடத்துக்குக் கண், கண் போகும் இடத்துக்கு மனம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். வீடியோ காலில் இது உடைந்துவிடும். திரையில் இருக்கும் முகத்தை நீங்கள் பார்த்தால், அவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். அவர் கண்ணைப் பார்ப்பதாகத் தெரிய வேண்டுமென்றால் கேமராவைப் பார்க்க வேண்டும், அப்போது அவர் முகம் உங்களுக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் நடக்காது.

இதை நடனத்தில் வைக்க எளிய வழி ஒன்று: கேமரா கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். பொட்டைப் பார்க்கும் பகுதி எது, முகத்தைப் பார்க்கும் பகுதி எது என்று முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். பொட்டைப் பார்க்கும்போது அபிநயம் முழுவதையும் அவருக்குக் கொடுங்கள். முகத்தைப் பார்க்கும்போது உடம்பை அடக்கிவிடுங்கள், வாங்கிக்கொள்ளும் நேரம் அது. என் மாணவி ஒத்திகையில் பொட்டைப் பார்த்து ஆடிவிட்டு, “டீச்சர், உங்களப் பாத்து ஆடறப்பதான் உங்களப் பாக்கவே முடியல” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நான் மாற்றவே இல்லை.

தாமதத்தை அளந்து தாளத்தைக் கட்டுதல்

நடனத்தின் முதுகெலும்பு இதுதான். கொஞ்சம் கணக்கு உண்டு, பயப்பட வேண்டாம்.

முதலில் அளவு. உங்கள் பக்கம் இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வீடியோ கால் ஓடும் போனின் கேமரா முன் பிடியுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் தன் போனை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தட்டும், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து. உங்கள் ஸ்டாப்வாட்ச் அங்கே போய், கண்ணாடியில் பட்டு, உங்கள் திரைக்கே திரும்பி வரும். எண் இடவலம் மாறித் தெரியும், பரவாயில்லை. மூன்றாவது போனால் ஸ்டாப்வாட்சையும் திரும்பி வந்த படத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் போய்வரும் நேரம். பத்துப் படம் எடுத்து நடுவாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பெரும்பாலும் 0.8 விநாடி வந்தது.

இப்போது தாளம். ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, ஒரு விநாடி என்று வைத்துக் காலால் தட்டும் தட்டடவு ஆடினால், மெதுவான முதல் காலத்தில் 0.8 விநாடி ஒரு தட்டுக்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் சேராது, கல் தடுக்கியதைப்போல இருக்கும். மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு தட்டு, அதாவது கால் விநாடிக்கு ஒன்று. 0.8 விநாடியில் மூன்று தட்டுக்கு மேல் தவறிப்போகும், எல்லாம் குழம்பிவிடும். எனவே துரித காலத்தை, இந்த வேகமான நடையை, இரண்டு ஊருக்கும் நடுவே வைக்காதீர்கள். அதற்குப் பதிலாகத் தாளத்தையே தாமதத்துக்குக் கட்டுங்கள். ஓர் அட்சரத்தை 0.8 விநாடியாக வைத்தால், நிமிடத்துக்கு 75 தட்டு, அங்கே இருப்பவர் நம் தட்டைக் கேட்டு ஆடுவது நமக்குச் சரியாக ஓர் அட்சரம் பிந்தித் தெரியும். பிசகாகத் தெரிந்தது கோர்வையாகத் தெரியும். நான் ‘தெய்யா’ முடிக்கும்போது அவள் அதே ‘தெய்யா’வை எடுப்பாள்.

இதில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். நான் முந்தி, அவள் என்னைக் கேட்டு ஆடும்போது, அவள் அறையில் நின்று பார்த்தால் நாங்கள் இருவரும் ஒன்றாக ஆடுகிறோம். மயிலாடுதுறையில் நின்று பார்த்தால் அவள் ஓர் அட்சரம் பின்னால். அவள் முந்தினால் இது அப்படியே தலைகீழ்: இங்கே ஒன்றாக, அங்கே நாங்கள் பின்னால். முந்துகிறவர் தனியாக நிற்கிறார், பின்தொடர்கிறவருக்குத் துணை கிடைக்கிறது. எந்த நிமிடத்தில் யார் முந்துவது என்பதைத் தாளத்தை நினைத்துத் தீர்மானிக்காதீர்கள், அந்த நிமிடத்தில் யாருக்குத் துணை வேண்டும் என்று கேட்டுத் தீர்மானியுங்கள். நாங்கள் முதல் பத்து நிமிடம் அவளை முந்தவிட்டோம். பார்வையாளர்களுக்கு அவள் எங்களோடேயே இருப்பதாகத் தெரிந்தது. கடைசி ஐந்து நிமிடம் நாங்கள் முந்தினோம், அவள் பிந்தத் தொடங்கினாள். ஏதோ மாறிவிட்டது என்று பார்த்தவர்கள் உணர்ந்தார்கள், எது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் அறையில் அவள் முதன்முறையாக எங்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

தாமதம் நாளுக்கு நாள் மாறும், மழை நாளில் ஒன்று, ஞாயிறு மாலையில் ஒன்று. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு மறுபடி அளந்து, தட்டுக்கழியால் தாளம் போடுபவர் காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் வேகத்தை, அதற்கேற்ப மாற்ற வேண்டும். பதிவுசெய்த இசை இதற்கு உதவாது, நேரில் தட்டும் நட்டுவாங்கம்தான் வேண்டும்.

தூரத்துக்கு நடனமாடும் முயற்சி புதிதும் அல்ல. கிட் காலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற இருவர் 1977இல் நாசாவின் உதவியோடு அமெரிக்காவின் இரு கரையில் இருந்த நடனக் கலைஞர்களைச் செயற்கைக்கோள் வழியாக ஒரே திரையில் சேர்த்து ஆடவைத்தார்கள். 36,000 கி.மீ. உயரத்துக்குப் போய்த் திரும்புவதால் ஒரு வழிக்கே கால் விநாடி பிந்தும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் அதே சிக்கல் இருக்கிறது.

சலங்கை கேட்காது

எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி இது. இங்கே சலங்கை கட்டி ஆடினால் அந்தப் பக்கம் அது விட்டுவிட்டுக் கேட்கும், சில நேரம் கேட்கவே கேட்காது. வீடியோ கால் ஆப்கள் மனிதப் பேச்சைத் தக்கவைத்து மற்றதை இரைச்சல் என்று வடிகட்டுகின்றன. தட்டுக்கழி, மிருதங்கம், சலங்கை மூன்றும் அதற்கு இரைச்சல். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதியைப் போட்டால் வடிகட்டுவது நிற்கும். அந்த வசதி இல்லாத ஆப் என்றால் வாயால் சொல்கட்டை, அதாவது தாளச் சொற்களை, சொல்லுங்கள். ‘தை ஹத் தை ஹி’ தெளிவாகப் போய்ச் சேரும், ஏனென்றால் அது குரல்.

நாங்கள் ஒரு பகுதியில் வசதியை வேண்டுமென்றே போடவில்லை. நான்கு பேர் சலங்கையோடு ஓங்கித் தட்டுகிறார்கள். திரையில் அவள் காதைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து, “கேக்கல… கேக்கல…” என்கிறாள். அது நடிப்பே இல்லை.

ஒரே அறையில் இரண்டு போன் ஒரே வீடியோ காலில் இருந்தால் ஊளையிடும், ஒன்றை மியூட்டில் வையுங்கள்.

திரை

கரையில்லாத எட்டு முழ வெள்ளை வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் சுமார் 3.6 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள திரை கிடைக்கும். புரொஜெக்டரை வாடகைக்கு எடுங்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் இருக்கும். அதைத் திரைக்குப் பின்னால் வைத்து, படத்தை இடவலம் திருப்பும் செட்டிங்கைப் போடுங்கள். முன்னால் வைத்தால் ஆடுகிறவர் நிழல் திரையில் தெரியும் முகத்தில் விழும். வேட்டி மெல்லிசு, லென்ஸின் ஒளி பார்வையாளர் கண்ணில் குத்தும். எனவே தரையோடு தாழ வைத்து மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பல்பு வெளிச்சத்தில் கோடுகள் ஓடுவது தெரிந்தால் அந்த எல்.இ.டி.யை மாற்றிப் பாருங்கள், பழைய குண்டு பல்பில் அது அவ்வளவாக வராது.

கோர்ப்பது

எல்லோரும் தலைகுனிந்து போனைப் பார்ப்பதில் தொடங்கி, கடைசியில் போனைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டிப்பிடிப்பதில் முடிக்க வேண்டாம். புதிதாகச் செய்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். டெல்டாவில் அது பொய். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, வேதாரண்யம் பக்கத்தில் இருந்த என் அத்தையிடமிருந்து நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. மரம், மின்கம்பம், டவர் எல்லாம் போய்விட்டது. ஐந்தாம் நாள் யாரோ ஒருவர் போனிலிருந்து, “நாங்க இருக்கோம்” என்று பதினைந்து நொடி பேசினார். அந்தப் பதினைந்து நொடியை மனதில் வைத்துக்கொண்டு போனை எதிரியாக ஆட என்னால் முடியாது. கணவன் வளைகுடாவில் இருக்கும் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அதே வீட்டில், தட்டில் சோற்றைப் போட்டுப் போன் முன் உட்கார்ந்து, ‘சாப்டீங்களா’ என்று கேட்டுவிட்டு, பிறகு பேச எதுவும் இல்லாமல் இருவரும் சும்மா இருப்பதையும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே போனில்தான் நடக்கிறது, இரண்டையும் ஆடுங்கள்.

பரதக்காரர்களுக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பரதக் கச்சேரிக்கு வடிவம் கொடுத்த தஞ்சை நால்வர் காலத்திலிருந்து நாம் ஆடும் வர்ணமும் பதமும் பெரும்பாலும் தூரத்தைப் பற்றியவைதான். நாயகி இங்கே, நாயகன் எங்கோ, நடுவில் தூது போகும் சகி. அந்தச் சகியின் இடத்தில் போனை வையுங்கள். ‘பார்த்துவிட்டார், பதில் இல்லை’ என்ற ஒரே வரியை எடுத்துப் பத்து நிமிடம் சஞ்சாரி செய்து, அதாவது பல விதமாக விரித்து அபிநயித்து, பாருங்கள்: நீல டிக் விழுந்த நேரம், அவர் டைப் செய்வதாகக் காட்டி நின்றுபோன நேரம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி திருப்பும் நேரம். போனைக் கையில் எடுக்காமல், வெறும் முத்திரையில். இதிலிருந்து இரண்டு நிமிடம் தேறினால் போதும்.

நடத்தும் நாள்

மாசி, பங்குனிதான் நல்ல காலம். சம்பா அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும், மழையும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறிக்காதீர்கள். ஊராட்சித் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், மைக் வைப்பதென்றால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். ஜெனரேட்டரை நூறு அடி தள்ளி, அதன் புகையும் சத்தமும் கூட்டத்தின் பக்கம் வராதபடி காற்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். வந்திருக்கும் நூறு பேரும் அதே டவரில்தான் இருப்பார்கள், எனவே ஆட்டம் முடியும்வரை அவர்கள் போனில் டேட்டாவை அணைக்கும்படி மைக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் செய்வார்கள்.

இணைப்பு அறுந்தால்? எங்கள் முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது நிமிடம் அறுந்தது. அவள் முகம் பாதி மூடிய கண்ணோடு திரையில் உறைந்தது, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பயந்து என்னைப் பார்த்தார்கள். திரையில் உள்ளங்கையை வைத்திருந்த ஒருத்தி மட்டும் கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்துதான் இப்போது எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது: திரை உறைந்தால் எல்லோரும் உறைய வேண்டும், மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வராவிட்டால் அவள் பங்கின் சொல்கட்டை நட்டுவனார் சொல்ல, அவள் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஆடி முடியுங்கள். இதை ஐந்தாறு தடவை ஒத்திகை பாருங்கள். முன்பே எடுத்து வைத்த வீடியோவை நேரலை என்று ஓட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அவள் அங்கே அந்த நொடியில் இருக்கிறாள் என்று நம்பித்தான் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் பிள்ளைகளைச் சூழ்ந்துகொள்வார்கள், வீடியோ காலை அப்படியே கட் செய்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தப் பக்கம் ஒருத்தி பத்துக்கு எட்டு அறையில், கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, வியர்வையோடு தனியாக நிற்கிறாள். கைதட்டலைக்கூட ஆப் வடிகட்டியிருக்கும். ஒருவர் போனை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போங்கள். அவள் அம்மா வந்திருந்தால் அவர் கையில் கொடுங்கள். டேட்டா தீரும்வரை இருக்கட்டும், புரொஜெக்டரையும் வேட்டியையும் அதற்குள் கழற்றிக்கொள்ளலாம்.